கானில் தொடங்கும் கடல்

கடலை நான் முதலில் அறிந்தது கருவாடாகத்தான். தோட்டத்துக் கடையில் சாக்கை விரித்து நெத்தலி, கட்டா, சாளை, சுறா என்று குவித்து வைத்திருப்பார்கள். சம்பளம் போட்ட மறுநாள் அம்மா கட்டாக் கருவாடு வாங்கி வருவார். பிள்ளை பெற்றவள் இருக்கிற காம்பராவுக்குச் சுறாக் கருவாடு போகும். பால் நன்றாக ஊறும் என்று அப்பாயி சொல்வார். எங்கள் ஹட்டன் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,270 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்துக்குக் கடல் ஏறி வருவதென்றால் உப்புப் பூத்து, விறைத்துத்தான் வந்து சேர முடிந்தது.

அப்பாயிக்குக் கடல் வேறொன்று. அவருடைய முன்னோர் தலைமன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரைக்கும் நடந்து, பிறகு மலையேறியவர்கள். அது அவருக்குக் கேள்விப்பட்ட கதை. கண்ணால் கண்டது 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு நடந்தது. சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட அந்தக் காகிதத்தின்படி அப்பாயியின் தம்பி குடும்பம் இந்தியாவுக்கு என்று தீர்ந்தது. ஹட்டன் ஸ்டேசனில் அவர்களைக் கோச்சி ஏற்றிவிட்டார்கள். தலைமன்னாருக்கு ஆட்களைக் கொண்டுபோன அந்தக் கோச்சியை எங்கள் பக்கத்தில் அழுகைக் கோச்சி என்றே சொல்வார்கள். அங்கிருந்து ராமானுஜம் கப்பல், பிறகு ராமேஸ்வரம், பிறகு நீலகிரியில் இன்னொரு தேயிலை மலை. தம்பி திரும்பி வரவேயில்லை. ஆகவே, நான் திருகோணமலைக்குப் போய்க் கடலில் இறங்கிப் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது, அப்பாயி வெற்றிலைப் பையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, "அதுல என்னா இருக்குன்னு போற? ஆளக் கொண்டுபோற தண்ணி அது" என்றார்.

அது 2012 ஆகஸ்ட் விடுமுறை. நான் உயர்தரத்தில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தோட்டத்தில் அந்தப் பிரிவுக்குப் போன பெண்பிள்ளைகள் மிகக் குறைவு. உயிரியல் சேர் மட்டக்களப்புக்காரர். முருகைக்கற்பாறை பற்றி நாங்கள் எழுதிய விடைகளைத் திருத்திக் கொடுத்த நாளில்தான் அவருக்கு அந்த யோசனை வந்திருக்க வேண்டும். விடைகள் எல்லாம் சரியாகவே இருந்தன. பொலிப்பு என்னும் சிறிய விலங்கு கல்சியம் காபனேற்றைச் சுரந்து தன்னைச் சுற்றிக் கூடு கட்டுகிறது, அதன் இழையத்துக்குள் நுண்ணிய அல்காக்கள் வாழ்கின்றன, அல்கா ஒளித்தொகுப்புச் செய்து உணவைக் கொடுக்கிறது, பொலிப்பு இடமும் காபனீரொட்சைட்டும் கொடுக்கிறது, இது ஒன்றியவாழ்வு. எல்லோரும் ஒரே மாதிரி எழுதியிருந்தோம். எங்களில் ஒருவர்கூட அந்த விலங்கைக் கண்டிருக்கவில்லை. கடலையே காணாதவர்கள் வகுப்பில் பாதிக்கு மேல். சேர் தாள்களை மேசையில் வைத்துவிட்டு வெகுநேரம் சன்னல் வழியே எதிர்மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த கிழமை பஸ்ஸுக்கு எவ்வளவு, தங்க எவ்வளவு என்று கணக்குப் போட்டு வந்தார்.

பணம் சேர்த்த கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் கைக்காசு வேலைக்குப் போனார். அம்மா சீட்டுக்காரியிடம் பேசி முறையை முன்னுக்கு எடுத்தார். ஒவ்வொரு வீட்டிலும் ஏறக்குறைய இதுதான் நடந்தது.

புறப்படுவதற்கு முன் சேர் எங்களைப் பள்ளிக்கூடத்துக்கு மேலே இருந்த மேட்டுக்குக் கூட்டிப்போனார். கையில் ஓர் இலங்கைப் படம். ஹட்டன் நகரம் ஒரு மலைமுதுகில் உட்கார்ந்திருக்கிறது என்றார். அந்த முதுகின் ஒரு பக்கம், டிக்கோயாப் பக்கம், விழுகிற மழை கெஹெல்கமு ஓயாவோடு காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போகும். அங்கிருந்து களனி கங்கை, முடிவில் கொழும்புக் கடல். மறு பக்கம் விழுகிற மழை ஹட்டன் ஓயாவில் சேரும். ஹட்டன் ஓயா மகாவலியின் தலைப்பிள்ளைகளில் ஒன்று. மகாவலி 335 கிலோமீட்டர் ஓடி, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. "நாம பஸ்ஸில போறம். இந்தத் தண்ணி நமக்கு முன்னமே அங்க போய்க்கொண்டிருக்கு" என்றார் சேர். அந்த மேட்டிலிருந்து பார்த்தால் எங்கள் தோட்டத்து லயங்களின் தகரக்கூரை தெரியும். எங்கள் லயம் எந்தப் பக்கத்துச் சரிவில் இருக்கிறது என்று நான் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன். மகாவலிப் பக்கம்.

சாயங்காலம் பஸ் புறப்பட்டது. கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை என்று இறங்க இறங்க ஸ்வெட்டர்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. கம்பளையிலும் பேராதனையிலும் பாலத்துக்குக் கீழே ஆறு தெரிந்தது. "நம்ம தண்ணி, நம்ம தண்ணி" என்று பின் ஆசனத்துப் பையன்கள் கத்தினார்கள். மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயிலுக்கு முன்னால் சேர் பஸ்ஸை நிறுத்தச் சொன்னார். கோபுரத்தில் வெளிச்சம் இருந்தது, நடை சாத்தியிருந்தார்கள். மன்னாரிலிருந்து நடந்து வந்த எங்கள் ஆட்கள், இனிமேல் உயிருக்குப் பயமில்லை என்று மூச்சு விட்ட இடம் மாத்தளை. வழியில் கொலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் விழுந்தவர்களைப் புதைக்கக்கூட நேரமில்லாமல் விட்டுவந்தவர்கள். நாங்கள் அதே பாதையில் எதிர்த்திசையில், சொகுசாக உட்கார்ந்து, கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். பேச்சு நின்றுவிட்டது. யாரோ ஒருத்தி கற்பூரம் கொண்டுவந்திருந்தாள். படியிலேயே கொளுத்திக் கும்பிட்டோம்.

விடியற்காலை கந்தளாய்க் குளக்கட்டில் முகம் கழுவினோம். கட்டின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை மங்கலாகத்தான் தெரிந்தது. பொல்கொல்லையில் மகாவலியைத் தடுத்து, ஒரு பகுதியை மலைக்குள் குடைந்த சுரங்கம் வழியாக மாத்தளைப் பக்கம் திருப்பி விட்டிருக்கிறார்கள் என்றும், அந்தத் தண்ணீர் அம்பன் கங்கை, எலஹெர கால்வாய், மின்னேரியா என்று சுற்றி இந்தக் குளத்துக்கும் வருகிறது என்றும் சேர் சொன்னார். திருகோணமலைப் பட்டினத்துக்குக் குடிதண்ணீர் போவதும் இந்தக் குளத்திலிருந்துதான். வெதுவெதுப்பான அந்தத் தண்ணீரைக் கையில் அள்ளியபோது, எங்கள் பீலியில் கை விறைக்கப் பிடிக்கிற தண்ணீரோடு இதற்கு உறவு இருக்கிறது என்பதை நம்பவே கடினமாக இருந்தது. ஆனால் படம் பொய் சொல்லவில்லை.

நிலாவெளி திருகோணமலைக்கு வடக்கே சுமார் 15 கிலோமீட்டர். மணலில் நின்று பார்த்தபோது கடல் அமைதியாகக் கிடந்தது. தென்மேல் பருவக்காற்று எங்கள் மலையில் மழையாகக் கொட்டுகிற அதே மாதங்களில்தான் கிழக்குக் கடல் அடங்கியிருக்கும். ஆகஸ்டில் ஹட்டனில் துணி காயாது. நிலாவெளியில் மணல் கால் சுடும். கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டரில் இரண்டு பாறைத் திட்டுகள் தெரிந்தன. பெரியதும் சின்னதுமாக அவைதான் புறாத்தீவு. 1963 இல் சரணாலயமாகவும் 2003 இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம். அதற்கும் முன்னால், வெள்ளைக்காரர் காலத்தில், சுட்டுப் பழக இலக்காக வைத்திருந்தார்களாம். பாறை இடுக்குகளில் மாடப்புறாக்கள் கூடு வைக்கின்றன. கண்டி பஸ் நிலையத்தில் கடலை பொறுக்குகிற புறாக்களின் காட்டு இனம் அது. இலங்கையில் அதை இயற்கையான இடத்தில் பார்க்கக்கூடிய இடங்கள் சிலவே.

படகுக்காரர் அந்த ஊர்க்காரர், நடுத்தர வயது. எங்களுக்கு உயிர்காப்பு அங்கிகளைக் கட்டிவிட்டுக்கொண்டே, "எங்கயிருந்து வாறியள் பிள்ளையள்?" என்றார். ஹட்டன் என்றோம். "தேயிலைக்கோ? நான் குளிரில அங்க ஒருக்காலும் வந்ததில்லை. நீங்கள் கடலுக்குப் பயப்பிடுறியளோ?" என்றார். பயம்தான் என்று ஒருத்தி உண்மையைச் சொன்னாள். நீச்சல் தெரிந்தவர் எங்களில் யாரும் இல்லை. தண்ணீரில் போய்ச் செத்தவர்களைத்தான் எங்களுக்குத் தெரியும்: காசல்ரீயில், ஓயாவில், மழைக்காலத்துப் பாலத்தில். அவர் சிரிக்கவில்லை. 2004 டிசம்பரில் இதே கரையில் கடல் ஏறியபோது தன் வீட்டில் யார் யாரை இழந்தார் என்று மட்டும் சொல்லிவிட்டு இயந்திரத்தைக் கிளப்பினார்.

படகு போகும்போது சேர் அந்தப் பேரலையைப் பற்றி ஒரு விசயம் சொன்னார். தென்மேற்குக் கரையில் பெரலியவில் ரயிலையே புரட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்ற அலை, தரைக்குள் ஒன்றரைக் கிலோமீட்டர் வரை போனது. அதற்குச் சில கிலோமீட்டர் தெற்கே ஹிக்கடுவையில், பாதுகாக்கப்பட்ட முருகைக்கற்பாறைக்குப் பின்னால், ஐம்பது மீட்டர் அளவோடு நின்றது. பெரலியப் பக்கம் சுண்ணாம்புக்காகப் பல காலமாக முருகைக்கல்லை உடைத்து எடுத்திருந்தார்கள். பிறகு வந்து ஆராய்ந்தவர்கள் இந்த வித்தியாசத்தைப் பதிவு செய்திருக்கிறார்கள். படகுக்காரர் திரும்பிப் பார்க்காமலே கேட்டுக்கொண்டிருந்தார். "இங்கயும் டைனமைற் போட்டு மீன் பிடிச்சவங்கள் இருக்கினம்" என்றார் கடைசியில். "ஒரு வெடிக்கு மீன் மட்டும் சாகாது. அது குடியிருக்கிற வீடும் போயிடும்."

தீவில் கால் வைத்த இடத்தில் மணலைவிட உடைந்த கல்விரல்கள்தான் அதிகம். வெள்ளை வெளேரென்று, தொட்டால் சிணுங்குகிற சத்தத்தோடு அலையில் உருண்டுகொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஊசிமுனை போன்ற துளைகள் அடுக்கடுக்காக. ஒவ்வொரு துளையும் ஒரு பொலிப்பு குடியிருந்த வீடு என்று சேர் சொன்னபோது, நான் கையில் வைத்திருந்த துண்டை மெதுவாக எடுத்த இடத்திலேயே வைத்தேன். எதையும் எடுத்துப்போகக் கூடாது என்பது பூங்காவின் சட்டமும்கூட.

செய்ய வேண்டிய வேலையை முதல்நாளே பழக்கியிருந்தார். நீளமான நைலோன் கயிறு, அதில் சம இடைவெளியில் முடிச்சுகள். இரண்டு பேர் கயிற்றை மட்டமாகப் பிடிக்க, மற்றவர்கள் குப்புற மிதந்துகொண்டு ஒவ்வொரு முடிச்சுக்கும் நேர்கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். உயிர் முருகைக்கல்லா, செத்ததா, மணலா, பாறையா, பாசியா. வெள்ளைப் பிளாஸ்டிக் தகட்டில் பென்சிலால் எழுதினால் தண்ணீருக்குள்ளும் அழியாது. பெண்பிள்ளைகள் கரையில் இருந்து குறிப்பு எடுத்தால் போதாதா என்று கூட வந்த பெரியவர்களில் ஒருவர் கேட்டார். சேர் தாழ்ந்த குரலில், "அவங்க காட்டையும் மேட்டையும் ஏறி வளர்ந்த பிள்ளைகள். மிதக்கிறதுக்கு அங்கி இருக்கு. படிக்க வந்தவங்க படிக்கட்டும்" என்றார். சுடிதாரோடும் உயிர்காப்பு அங்கியோடும் நாங்கள் இறங்கினோம்.

முகக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தலையைத் தாழ்த்திய அந்த முதல் கணத்தில் சத்தம்தான் என்னைத் திடுக்கிட வைத்தது. கடலுக்குள் மௌனம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அங்கே எண்ணெயில் கடுகு வெடிப்பது போல ஒரு படபடப்பு இடைவிடாமல் கேட்டது. சின்ன இறால்கள் இடுக்கியைச் சொடுக்குகிற சத்தம் அது என்று பிறகு அறிந்தேன். அடுத்து வெளிச்சம். அதற்குப் பிறகுதான் கண் பழகி, கீழே கிடப்பவை ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரிந்தன. மான்கொம்பாகக் கிளைத்த அக்குரோபோரா, தட்டுத் தட்டாக விரிந்த மொன்டிபோரா, பாறைபோல் உருண்டு கிடந்த பொரைற்றீசு. மான்கொம்பு வகை ஆண்டுக்குப் பத்துச் சென்ரிமீட்டர் வரை நீளும். உருண்டை வகை ஆண்டுக்கு ஒரு சென்ரிமீட்டர் அளவில்தான் பெருக்கும். ஒரு பொரைற்றீசு என் இரண்டு கையை விரித்தாலும் அடங்காத அகலம். அது தொடங்கியபோது எங்கள் மலையில் தேயிலை நட்டிருந்தார்களோ என்னவோ.

கிளிமீன் ஒன்று கல்லைக் கடிக்கிற சத்தம் காதில் விழுந்தது. கல்லை அரைத்து, பாசியைத் தின்று, மிச்சத்தை வெள்ளை மணலாகக் கழித்துவிட்டுப் போனது. இப்படித்தான் மணல் பிறக்கிறது என்று புத்தகத்தில் இல்லை. மஞ்சளும் கறுப்புமாக வண்ணத்துப்பூச்சி மீன்கள் சோடி சோடியாகத் திரிந்தன. கடல் அனிமனியின் விரல்களுக்குள் கோமாளி மீன் நுழைந்து நுழைந்து வந்தது. கடலட்டை ஒன்று மணலை விழுங்கிக்கொண்டு கிடந்தது. மண்புழு எங்கள் மலையில் செய்கிற வேலையை அது அங்கே செய்கிறது. திருகோணமலைக் கடலில் நூற்றுக்கும் மேற்பட்ட முருகைக்கல் இனங்களும் முந்நூறு அளவில் பாறைமீன் இனங்களும் பதிவாகியிருக்கின்றன. கயிற்றின் ஒரு முடிச்சிலிருந்து அடுத்த முடிச்சுக்குப் போவதற்குள் எனக்குப் பெயர் தெரியாதவை எத்தனையோ கடந்து போயின.

பிறகு ஒரு வெளி வந்தது. உயிரில்லாத மான்கொம்புகள், பரந்த ஓர் இடம் முழுக்க. கவ்வாத்து வெட்டிய தேயிலை மலையைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை: இலை போன, சாம்பல் பூத்த, முறிந்த கொம்புகள் ஒரே மட்டத்தில். கவ்வாத்து வெட்டிய தேயிலை சில மாதங்களில் துளிர்த்துவிடும், அதற்காகத்தான் வெட்டுகிறோம். இது எதற்காகவும் வெட்டப்படவில்லை. நங்கூரமோ, வெடியோ, சூடான ஒரு பருவமோ, கால்களோ. போர் முடிந்த பிறகு இந்தத் தீவுக்கு வருகிற கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு பெருகியது. எங்களுக்குப் பக்கத்திலேயே சிலர் களைப்பாறுவதற்காக உயிருள்ள கல்லின் மேல் நின்றுகொண்டிருந்தார்கள். "கால் ஊன்றாதே" என்பதைத்தான் சேர் எங்களுக்கு மற்ற எதையும்விட அதிக தடவை சொல்லியிருந்தார். கூடு உறுதியாகக் கல்லாகத் தெரிந்தாலும் அதன் மேல் இருக்கிற உயிர் ஒரு மெல்லிய தோல் அளவுதான். மிதித்த இடம் கிழிகிறது. கிழிந்த இடத்தில் பாசி ஏறுகிறது. நீச்சல் தெரியாத நாங்கள் அங்கியில் மிதந்தபடி அந்த ஆட்களைப் பார்த்தோம். கடலைக் கண்டிராத பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க முடிந்ததை, காசு கொடுத்து வருகிற ஒவ்வொருவருக்கும் கரையிலேயே வைத்துச் சொல்லிக் கொடுக்க முடியும் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன்.

செத்த வெளிக்கு நடுவிலும் அங்கங்கே சுண்டுவிரல் நீளத்துக்கு இளம் கொம்புகள் முளைத்திருந்தன, நுனியில் ஊதா நிறம் பூசியதுபோல. 1998 இல் கடல் சூடேறியபோது ஹிக்கடுவையிலும் கல்பிட்டிக் கடலிலும் முருகைக்கற்கள் வெளிறிப் பெருமளவில் செத்தன. சூடு தாங்காமல் பொலிப்பு தன் அல்காவை வெளியே தள்ளிவிடுகிறது. அல்கா போனால் நிறமும் போகும், உணவும் போகும். சூடு சீக்கிரம் தணியாவிட்டால் உயிரும் போகும். அந்த ஆண்டு திருகோணமலைப் பக்கம் பெரும்பாலும் தப்பித்தது. நாங்கள் மிதந்துகொண்டிருந்தது அப்படித் தப்பிய ஒன்றின் மேல்.

சுறாவைத் தீவின் மறுபக்கத்தில் கண்டேன். செட்டையின் நுனியில் கறுப்பு மை தொட்டதுபோல் இருக்கும் கருமுனைச் சுறா. இடுப்பளவுத் தண்ணீரில், என்னிடமிருந்து நாலைந்து முழத் தூரத்தில், உடம்பு முழுவதையும் ஒரே வளைவாக வளைத்துத் திரும்பியது. பயப்பட வேண்டும் என்பதே தோன்றவில்லை. அது முட்டையிடாமல் குட்டி போடுகிற மீன்; ஒரு முறைக்கு இரண்டு முதல் ஐந்து குட்டிகள்தான். சாக்கின் மேல் உப்போடு கிடந்த சுறாக்களும் ஒரு காலத்தில் இப்படித் திரும்பியவை. அப்பாயி கேட்ட கேள்விக்கு அந்த இடத்தில் எனக்குப் பதில் கிடைத்தது: அந்தத் தண்ணீர் ஆளைக் கொண்டுபோவது மட்டும் இல்லை, இத்தனையையும் வைத்து வளர்த்துக்கொண்டும் இருக்கிறது.

மறுநாள் கோணேஸ்வரத்துக்கும் கன்னியா வெந்நீரூற்றுக்கும் போனோம். அவற்றைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு போன இடத்தைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும்.

கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி மூதூர்ப் பாதையில் போனால், சதுப்புகளையும் வாய்க்கால்களையும் கடந்து, கங்கைப் பாலம் வருகிறது. சேர் பஸ்ஸை நிறுத்தி எங்களை இறக்கினார். கீழே மகாவலி. கம்பளையில் பாறைகளுக்கு இடையில் நுரைத்துப் போனதைப் பார்த்திருந்தோம். இங்கே அது அகன்று, தாழ்ந்து, மங்கிய நிறத்தில், போவதே தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. கரைகளில் கண்டல் மரங்கள். இன்னும் சிறிது தூரத்தில் கொட்டியாரக் குடா.

"நேற்று நிலாவெளியில பார்த்த முருகைக்கல் இங்க ஆற்றுவாயில ஏன் இல்லை?" என்று சேர் கேட்டார். நன்னீர் கலந்தால் உப்பு குறையும் என்றான் ஒருவன். சரி. வேறு? யாரும் பேசவில்லை. பாலத்துக்குக் கீழே கையைக் காட்டினார். "மண்." கலங்கிய தண்ணீரில் வெளிச்சம் இறங்காது, வெளிச்சம் இல்லாமல் அல்கா ஒளித்தொகுப்புச் செய்யாது. மண் மேலே படிந்தால் பொலிப்பு அதைத் தள்ளித் தள்ளியே களைத்துப்போகும். போதாதற்குப் பசளையிலிருந்து கரைந்து வருகிற நைதரசன் பாசியை வளர்க்கும். பாசி கல்லை மூடும். ஆற்றுவாயிலிருந்து விலகி, பெரிய ஆறு எதுவும் இல்லாத நிலாவெளிப் பக்கத்தில் அந்தப் பாறை நிலைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

எங்கள் மலையிலிருந்து புறப்படுகிற மண் எல்லாம் இந்தப் பாலம் வரைக்கும் வருவதில்லை என்பதையும் அவர் மறைக்காமல் சொன்னார். பொல்கொல்லை, விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தெம்பே என்று இடையில் அணைகள் நிற்கின்றன. மண்ணின் பெரும்பகுதி அங்கே தங்கிவிடுகிறது. பொல்கொல்லையும் ரந்தெம்பேயும் வண்டல் ஏறி அவதிப்படுகின்றன. அணைக்கும் நல்லதல்ல, ஆற்றுக்கும் நல்லதல்ல. கரைந்துபோகிற பசளையை எந்த அணையும் முழுவதுமாக வடிகட்டி வைப்பதில்லை. நான் பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அப்பாவின் நினைவு வந்தது.

அப்பாவுக்குத் தோட்டத்தில் கான் வெட்டுகிற வேலை. கொழுந்து பறிக்கிறவர்களைப் பற்றிப் பாட்டும் படமும் உண்டு. கான் வெட்டுகிறவனை யாரும் படம் பிடிக்க வருவதில்லை. மழையில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, சரிவுக்குக் குறுக்கே, முழங்கால் ஆழத்தில் மண்வெட்டியோடு நிற்கிற வேலை அது. சிறுவயதில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போதெல்லாம் தண்ணீர் போவதற்காகத்தான் அந்தப் பள்ளம் என்று எண்ணியிருந்தேன். கங்கைப் பாலத்தில் நின்றபோது, தண்ணீரைப் போகவிட்டு மண்ணை நிறுத்துகிற ஏற்பாடு அது என்பது விளங்கியது. நிலாவெளியில் வனஜீவராசிகள் திணைக்களத்தார் கரையில் நின்று காக்கிற அதே கடலை, கண்ணால் காணாத ஒரு மனிதர் 1,200 மீட்டர் உயரத்தில் நின்று காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் தேத்தண்ணியை வைத்துவிட்டு, "அங்குட்டு வரைக்குமா போவுது?" என்று கேட்டார். படத்தை விரித்துக் காட்டினேன். ஹட்டனிலிருந்து விரலை வைத்து ஓட்டிக்கொண்டே போய், வளைந்து, திரும்பி, கொட்டியாரக் குடாவில் நிறுத்தினார். கொஞ்ச நேரம் கழித்து, மேல்மலையில் கான் தூர்ந்து வருசக்கணக்காகிறது, ஆள் குறைத்துவிட்டார்கள், மழைக்கு மண் அப்படியே ரோட்டுக்கு வருகிறது என்றார். அதைச் சொன்னபோது அவர் குரலில் இருந்த கோபத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. சம்பளத்தைப் பற்றிப் பேசும்போதுகூட அவர் அப்படிப் பேசியதில்லை.

அப்பாயி எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். சுறாவைப் பற்றி இரண்டு தடவை சொல்லச் சொன்னார். தம்பி போன கப்பலுக்குக் கீழேயும் இதெல்லாம் இருந்திருக்குமா என்று கேட்டார். மன்னார்க் கடலிலும் முருகைக்கல் இருக்கிறது, முத்துச்சிப்பி இருக்கிறது, ஆவுளியா இருக்கிறது என்றேன். ஆவுளியா என்றால் என்ன என்றார். கடற்புல் மேய்கிற, குட்டிக்குப் பால் கொடுக்கிற விலங்கு என்றேன். "பால் குடுக்குமா?" என்று வியந்து, அதைப் பற்றி மேலும் மேலும் கேட்டார். கடலைப் பற்றி எங்கள் வீட்டில் அழாமல் பேசிய இரவு அது என்று அம்மா இப்போதும் சொல்வார்.

நான் இப்போது மலையகத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிப்பிக்கிறேன். முடிந்தபோதெல்லாம் பிள்ளைகளைப் புறாத்தீவுக்குக் கூட்டிப்போகிறேன். முடிச்சுக் கயிறும் வெள்ளைத் தகடும் அதே முறைதான். கால் ஊன்றாதே என்பதும் அதே. ஆனால் பயிற்சியின் முதல் வகுப்பு கரையில் நடப்பதில்லை, தேயிலைக்குள் நடக்கிறது. பிள்ளைகள் கண்ணாடிப் போத்தல்களோடு வருவார்கள்; தூர்ந்த கானிலிருந்து ஒன்று, துப்புரவாக வைத்திருக்கிற கானிலிருந்து ஒன்று என்று மழை நாளில் தண்ணீர் பிடிப்போம். இரண்டையும் மேசையில் வைத்து அடியில் படிகிற மண்ணை அளப்போம். அப்பா ஓய்வுபெற்றுவிட்டார். அந்த வகுப்பை எடுப்பவர் அவர்தான். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்று, கேட்கிற பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்வார்:

"கான் நேரா எறங்கக் கூடாது பாப்பா. நேரா எறங்குனா தண்ணி ஓடும், மண்ணையும் இழுத்துக்கிட்டு ஓடும். மலைக்குக் குறுக்க, லேசா சாய்ச்சு வெட்டணும். உள்ளுக்குள்ள எடைக்கிடை மண்ணுலயே ஒரு தடுப்பு விடணும். தண்ணி அதுல வந்து நிக்கும், மண்ண எறக்கி வச்சிரும், பொறவு மேலால வழிஞ்சு போவும். எறங்குன மண்ண வாரிக் கீழ போடக் கூடாது. மேல் பக்கம் செடி அடியில போடணும். வருசத்துக்கு ஒருக்கா இத செய்யாட்டி, நீங்க அங்க போயி எந்தக் கயித்தப் புடிச்சு என்னா எண்ணப் போறீங்க?"